உள்கூரைத் துணியும் மூன்று குடம் நல்ல தண்ணீரும்

எந்தக் காரில் ஏறி உட்கார்ந்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சீட் எப்படி, ஏசி எப்படி என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் மேலே ஒட்டியிருக்கும் துணியை விரல் நுனியால் அழுத்திப் பார்ப்பேன். கெட்டியாக ஒட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதி. ஏதாவது ஓர் ஓரத்தில் காற்றுப் புகுந்து உப்பியிருந்தால் இறங்கும்வரை என் பார்வை அங்கேயே நிற்கும். "இன்னாம்மா, மேல பல்லியா?" என்று என் மகள் கேலி செய்வாள். பல்லியாக இருந்தால் தேவலை. என் கண்ணுக்குத் தெரிவது ஒரு சாம்பல் நிறத் துணி. ஆறு வருடத்துக்கு முன்னால் அது ஒரு கல்யாண மாப்பிள்ளையின் தலையில் விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் நான்தான்.

கார் என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை அவள். நாற்பது வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் பாப்பாதான். கல்யாணத்துக்கு முன்பு எங்கள் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவள். கட்டிக்கொண்டவன் குடித்துவிட்டு அடிக்கிறவனாக அமைந்தான். நான்கு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் கட்டிய புடவையோடு பஸ் ஏறிக் குயிலாப்பாளையம் போய், அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாள் நடத்திய கெஸ்ட் ஹவுஸில் சமையலுக்குச் சேர்ந்தாள். பதினோரு வருடம் அங்கேயே தங்கி வேலை செய்தாள். புதுச்சேரிக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவதற்காக அந்த அம்மாளே அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். பிறகு அவருக்கும் வயதாகி, கெஸ்ட் ஹவுஸை மூடிவிட்டுச் சொந்த நாட்டுக்குக் கிளம்பும்போது, மரத்தடியில் இரண்டு வருடமாக ஓடாமல் நின்ற அந்த வெள்ளைக் காரை இவள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு கதவு, மேலே துணி டாப். டாப்பை மடக்கிப் பின்னால் தள்ளினால் ஓப்பன் கார். பேட்டரி மாற்றி, டயர் மாற்றி, இரண்டு பையோடு அந்தக் காரில் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது தெருவே கூடி நின்று பார்த்தது. எனக்கு மட்டும் அந்த இரண்டு பைகள்தான் கண்ணில் பட்டன.

எங்கள் வீடு சின்ன வீடு. முன் கூடத்தில் என் தையல் மிஷின். ஜாக்கெட்டும் உள்பாவாடையும் தைத்துக் கொடுப்பது என் தொழில். அந்த மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில்தான் அவளுக்குப் பாய் போட முடிந்தது. அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. என் எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்திருப்பாள். நான் வெட்டிப் போட்ட துணித் துண்டுகளை அளவு பார்த்து மடித்து வைத்திருப்பாள், பிறகு எதுவும் என் கைக்குக் கிடைக்காது. சாம்பாரில் உப்பு கூடியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பாள். சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று எனக்கு இருக்கும். ஒரு மாதம் கழித்து யாரோ வீட்டுக்குள் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பது போல ஒரு தவிப்பு எனக்கு. பாத்திரத்தை நங்கென்று வைக்க ஆரம்பித்தேன்.

அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஓப்பன் ஜீப் வேண்டுமென்றால் புதுச்சேரியிலிருந்துதான் வர வேண்டும். "நம்ம வண்டிய வுட்டா இன்னாண்ணா? நானே ஓட்டறேன்" என்றாள் அண்ணனிடம். பொம்பளை ஓட்டும் காரில் எந்த மாப்பிள்ளை ஏறுவான் என்று அவர் சிரித்தார். ஆனால் கூனிமேட்டில் ஒரு குடும்பம் ஒத்துக்கொண்டது. அந்த வீட்டம்மா கெஸ்ட் ஹவுஸுக்கு மீன் கொடுத்துக்கொண்டிருந்தவர். என் நாத்தனாரை நன்றாகத் தெரியும். அவருடைய மகனுக்கு நிக்காஹ். மாலையில் மாப்பிள்ளையை வீட்டிலிருந்து மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

அதே சமயத்தில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. பொம்மையார்பாளையத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் அந்தக் காரை வாங்கி, லாட்ஜ் வாசலில் அழகுக்கு நிறுத்தி வைக்கக் கேட்டிருந்தார். விஷயம் எப்படியோ அவளை அடித்தவன் காதுக்கும் போய், "வண்டிய வித்துட்டு வந்தா சேர்த்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். என் வீட்டுக்காரர் உப்பளத்தில் மேஸ்திரி. நாள் முழுக்க ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர், தங்கை விஷயத்தில் ஊர் என்ன சொல்லும் என்பதற்கு மட்டும் பயப்படுவார். "கூனிமேடு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சா வண்டி இருக்கட்டும் பாப்பா. இல்லன்னா குடுத்துட்டு அவனாண்டயே போயிடு. இன்னா இருந்தாலும் புருஷன்" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள். எனக்கு அது அநியாயம் என்று தெரிந்தது. இருந்தாலும் மிஷினுக்குப் பக்கத்தில் இடம் காலியாகும் என்றும் ஒரு நினைப்பு வந்து போனது. வந்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது?

காரில் எல்லாம் சரியாக இருந்தது, உள்கூரையைத் தவிர. டாப்புக்கு வெளியே தடித்த கான்வாஸ்; உள்ளே மூன்று குறுக்குக் கம்பிகள்; அவற்றை மறைத்துக்கொண்டு மெல்லிய ஃபோம் வைத்து ஒட்டிய சாம்பல் நிறத் துணி. இரண்டு வருடம் நின்றதில் அந்த ஃபோம் மக்கி மஞ்சள் பொடியாகிவிட்டது. துணி பிடிமானம் விட்டு, உட்காருகிறவர் தலையில் தொங்கியது. ஏறி இறங்கினால் முடியெல்லாம் மஞ்சள் தூள். புதுச்சேரியில் சீட் கவர் தைக்கிற கடையில் காட்டியபோது, "டாப் மடங்கற வண்டில நாங்க கை வைக்கறதில்லம்மா, மெட்ராஸ் எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. "நாமளே பண்ணிடலாம் அண்ணி" என்றாள். துணி என்றதும் எனக்கும் கை துறுதுறுத்தது.

இருவருமாகத் துணியை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து எடுத்தோம். எங்கும் கிழியாமல் முழுசாக வந்தது. அதைப் போலத் துணி இங்கே எங்கே தேடினாலும் கிடைக்காது. பின்பக்கம் ஒட்டியிருந்த ஃபோம் பொடியைத் தேங்காய் நார் வைத்து அவள் தேய்க்கத் தேய்க்க, இரண்டு பேரும் மஞ்சள் பூசிக் குளித்தவர்களாக நின்றோம். அவளே சிரித்துவிட்டாள். பிறகு சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு, கூனிமேட்டுக்காரர்களைப் பார்த்து நேரம் உறுதி செய்துவரக் கிளம்பினாள். போகும்போது, "கடைசி அலசு மட்டும் நல்ல தண்ணில அலசிடுங்க அண்ணி. மூணு குடம் போதும். உப்புத் தண்ணி வாணாம், துணில உப்பு தங்கிட்டா சாயங்காலக் கடல் காத்துல ஈரம் இழுத்துக் கசியும், கோந்து பிடிக்காது" என்றாள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர் இருக்கிறது. வெயில் காலத்தில் அதை வாயில் வைக்க முடியாது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஆனால் குளிப்பது, துவைப்பது, வீடு கழுவுவது எல்லாம் அதில்தான். துணி காய்ந்தால் கொஞ்சம் மொடமொடப்பாக இருக்கும், அவ்வளவுதான் என்று பழகிவிட்டோம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் நல்ல தண்ணீர். அன்றைக்கு வீட்டில் இருந்தது ஐந்து குடம். மறுநாள் தண்ணீர் வராத நாள். என் அக்கா குடும்பத்தோடு சாப்பிட வருகிறாள். மூன்று குடத்தை ஒரு கார்த் துணிக்குக் கொட்டிவிட்டு வந்தவர்களுக்கு எதை வைத்துச் சமைப்பது? மோட்டாரைப் போட்டேன். போர் தண்ணீரிலேயே நான்கு முறை நன்றாக அலசி, கொடியில் போட்டேன். நான்கு முறை அலசினால் போதாதா என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

திரும்பி வந்து, "நல்ல தண்ணிதானே அண்ணி?" என்று கேட்டாள்.

"ஆமா. பின்ன?" என்றேன். கேட்டதற்குக் கோபப்படுவது போலச் சொன்னேன். பொய் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

புது ஃபோம் வந்து சேர்ந்ததும், கல்யாணத்துக்கு முதல் நாள் உச்சி வெயிலில் ஒட்டினோம். ரப்பர் கோந்து டின்னைத் திறந்தாலே தலை சுற்றும் வாசனை. புது ஃபோம் ஒட்டி, அதன் மேலும் துணியின் பின்பக்கமும் பிரஷ்ஷால் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே போனோம். ஒரு சுருக்கம் இல்லை. தையல்காரி நான் சொல்கிறேன், அவ்வளவு நேர்த்தி. முடித்துவிட்டு அவள் பின் சீட்டில் மல்லாக்கப் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு ரூம் மாதிரியே இருக்குதில்ல அண்ணி?" என்றாள். நான் டின்னை மூடுவதில் மும்முரமாக இருந்தேன்.

கல்யாணத்தன்று அவளைத் தனியாக அனுப்ப வேண்டாம் என்று என்னையும் முன் சீட்டில் உட்கார வைத்தார் என் வீட்டுக்காரர். மாப்பிள்ளை வெள்ளை உடையும் முகம் நிறையத் தொங்கும் பூச்சரமுமாகப் பின்னால் ஏறினார். பக்கத்தில் அவருடைய மச்சான். ரோட்டில் காற்று அதிகம் என்பதால் டாப்பை மூடியே போய், மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் திறப்பதாக ஏற்பாடு. மாலை நான்கு மணி. கடல் காற்று ஏறி வீச ஆரம்பித்திருந்தது; கை வைத்த இடமெல்லாம் பிசுபிசுத்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டுக்கு மேலே துணி மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு முனை பிரிந்து, நடுப்பகுதி பொத்தென்று மாப்பிள்ளையின் தலை மேல் உட்கார்ந்தது. அவர் பதறி இழுத்ததில் கோந்து நூல் நூலாகப் பூச்சரத்தில் ஒட்டிக்கொண்டது. மச்சான் பூவைப் பிரிக்கப் போனால் துணி வந்தது, துணியைப் பிரிக்கப் போனால் பூ உதிர்ந்தது. "இன்னா வண்டி இது!" என்று பின்னால் வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அந்த மீன்காரம்மா ஓடி வந்து, "அல்லா காப்பாத்துனான், புள்ள கண்ணுல படல. நீ அழுவாதம்மா" என்றார். என் நாத்தனார் அழவில்லை. கையிரண்டையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கடைசியில் யாருடைய பைக்கிலோ ஏறி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் பின்னால் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் பிழிந்து போட்டது போல ஈரம். மறுநாள் வெயிலில் காய்ந்தபோது ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு ஓடியது. காரணம் என்னவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை என் வீட்டுக்காரர் கூடத்தில் நின்று, "எப்படி வுழுந்துது? யாரு தப்பு?" என்று கேட்டார். நான் கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது.

"நான்தான்ணா. கோந்த சரியா காய வுடல. அவசரப்பட்டுட்டேன்" என்றாள் அவள்.

நான் சொம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ்காரரை வரச் சொல்லி அவர் போன் செய்தது கேட்டது. பிறகு அவளை அடித்த அந்த ஆளுக்கும் போன் செய்தார்.

அடுத்த மூன்று நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்தேன். இரண்டு ஊசி உடைந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. அவளோ இரண்டு பைகளையும் எடுத்துத் துடைத்து, துணிகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஒரு உள்பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். இடுப்புத் துணியை மடித்துக் குழல் போலத் தைத்து, அதற்குள் நாடாவை விடுகிறோம். எவ்வளவு இழுத்தாலும் அது கழன்று வருவதில்லை. சட்டென்று எழுந்து காரிடம் ஓடினேன். அந்த மூன்று குறுக்குக் கம்பிகளில் பழைய நூல் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படியானால் செய்தவர்களே இதை வெறுமனே ஒட்டவில்லை, கட்டியும் இருக்கிறார்கள். மடங்கி நிமிர்கிற கூரைக்குக் கோந்து மட்டும் எப்படித் தாங்கும்?

"துணிய எடு. தைச்சே கட்டிடலாம்" என்றேன் அவளிடம். "இன்னிக்கு குழாய் தண்ணி வந்துது. எட்டு குடம் இருக்குது. எல்லாத்தயும் எடுத்துக்கோ. நானே அலசித் தர்றேன்."

அவள் போய்த் துணியை எடுத்து வந்தாள். "வாணாம். நானே அலசிக்கறேன் அண்ணி" என்றாள். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. குடங்களை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

துணியின் பின்பக்கத்தில், கம்பி வரும் இடங்களை அளந்து, காடாத்துணியில் மூன்று நீளக் குழல்கள் தைத்தேன். அவற்றுக்குள் பட்டை நாடாவை விட்டு, ஒவ்வொரு கம்பியிலும் நான்கு இடத்தில் இழுத்துக் கட்டினோம். கோந்து ஓரங்களுக்கு மட்டும். சனிக்கிழமை முழுக்க டாப்பை மடக்கினோம், திறந்தோம். துணி கம்பியோடு சேர்ந்து சமர்த்தாக மடிந்து, சமர்த்தாக நிமிர்ந்தது. சாயங்காலம் கடல் காற்றில் வண்டியை உப்பளத்து வரப்பு ரோட்டில் நிறுத்திவிட்டு, இருட்டும்வரை இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ்காரர் வந்தார். நான் முந்திக்கொண்டு, "வண்டி குடுக்கறதா இல்லிங்க" என்றேன். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். கல்யாணமான இருபது வருடத்தில் வெளியாள் முன்னால் நான் அவரை மறித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "அந்த ஆளு இங்க வந்தான்னா நான் தொடப்பத்த எடுப்பேன், சொல்லிட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் காருக்குள் தலையை விட்டு, துணியை இரண்டு முறை குத்திப் பார்த்தார். பிறகு லாட்ஜ்காரருக்கு டீ வாங்கப் போனார்.

அதன் பிறகு அந்தத் துணி விழவே இல்லை. ஒரு கல்யாணம் இரண்டாகி, சீமந்த ஊர்வலம், மஞ்சள் நீராட்டு என்று வண்டி கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கடற்கரை ரோட்டில் கூட்டிப் போகும் வேலையும் சேர்ந்துகொண்டது. அடுத்த வருடமே குயிலாப்பாளையத்தில் ஒரு வீடு வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன அன்று கூடம் பெரிதாகத் தெரிந்தது. நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. மூன்று குடம் தண்ணீர் விஷயத்தை மட்டும் நான் அவளிடம் சொல்லவே இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி சொல்ல நினைப்பேன். அவள் எடுத்துவரும் புடவையைப் பார்த்ததும் வாய் அடைத்துவிடும்.

போன மாதம் என் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க நாத்தனார் அதே காரில் என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனாள். தூறல் இருந்ததால் டாப்பை மூடியிருந்தாள். நான் வழக்கம்போல மேலே பார்த்துவிட்டு, கூனிமேடு தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். போர் தண்ணீர், அக்கா வந்தது, நான் சொன்ன பொய், சொம்போடு நின்றது, எல்லாம். சொல்லிவிட்டு அழுதேன்.

அவள் கியரை மாற்றினாள். "தெரியும் அண்ணி. துணி வுழுந்த அன்னிக்கே நாக்குல வச்சுப் பார்த்தேன். உப்பளத்துல வேல செஞ்சவளுக்கு உப்பு தெரியாதா?"

"அப்புறம் ஏன்டீ பழிய நீ ஏத்துகிட்ட? அவராண்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிட்டு?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அது உங்க வீடு. உங்கள சொல்லிட்டு நான் எங்க போய்ப் படுக்கறது?"

அதற்குப் பிறகு கடை வரும்வரை புடவை நிறங்களைப் பற்றித்தான் பேசினோம். பதினான்கு மாதம் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். ஒரு நாள்கூட நான் அவளைப் போ என்று சொன்னதில்லை என்று சொந்தபந்தங்களிடம் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.